சாமான்களைப் பார்த்துக்கொண்டவன்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பாய்மரப் படகில் நான் ஒரு ஏப்ரல் விடுமுறைக்குப் போயிருந்ததை இன்றும் சிலர் ஆசையோடு கேட்பார்கள். "எப்படி இருந்திச்சு கிளாக்கரையா, கப்பல்ல போற மாதிரியா?" என்பார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நாற்றம். ஈர நாயின் நாற்றம், வெயிலில் வியர்த்த சீஸ் கட்டியின் நாற்றம், படகின் அடிப்பலகைக்குக் கீழே தேங்கிய தண்ணீரின் நாற்றம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கரையிலிருந்து வந்த சேற்று வாடை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நான் அப்போது தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர். எங்கள் பள்ளத்தாக்கில் அணை கட்டித் தண்ணீரை நிறுத்தி அதிக காலம் ஆகவில்லை. தோட்டத்தின் கீழ்மலை முழுவதும் தண்ணீருக்குள் போயிருந்தது. அங்கிருந்த சனங்களுக்கு மேலே வரிசை வீடுகளாகப் புது லயம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பழைய லயங்கள் இருந்தபடியே முழுகின. மேல்மலையிலிருந்து பார்த்தால் ஏரி அழகாகத்தான் இருக்கும். கொழும்பிலிருந்து துரைமார் லொறியில் படகுகளைக் கொண்டுவந்து இறக்க ஆரம்பித்தார்கள். எங்கள் துரையிடம் இருந்தது இரண்டு பாய் கட்டிய படகு, இரண்டு பேர் படுக்க ஒரு சின்ன அறையோடு.

ஏப்ரல் சீசனில் மற்றவர்கள் நுவரெலியாவுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போவார்கள். எங்கள் துரை அந்த வருடம் நான்கு நாள் படகிலேயே ஏரியின் ஒவ்வொரு கிளையாகச் சுற்றிவருவது, இரவில் கரையில் கூடாரம் போடுவது என்று திட்டம் போட்டார். துரைசாணி, ஆறு வயது மகள், கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர், நாய், சமைக்கப் பங்களா அப்பு. என்னையும் வரச் சொன்னார். கரையில் இறங்கிச் சாமான் வாங்க, தகவல் சொல்ல, ஆங்கிலம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்றார். துரைசாணி என் மகளையும் கூட்டிவரச் சொன்னார். மகளுக்குப் பத்து வயது. அட்டனில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்தாள், நன்றாக ஆங்கிலம் பேசுவாள். துரையின் குழந்தைக்குத் துணை.

என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"வெளையாடத் தொணையா, ஆயாவுக்குப் பதிலாவா? அதை நல்லாக் கேட்டுக்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"தொரசாணியே வாய்விட்டுக் கேட்டிருக்காங்க. எந்தக் கிளாக்கர் வீட்டுப் பிள்ளைய இப்படிக் கூப்பிட்டிருக்காங்க?"

"கூப்பிட்டா ஆடு மாதிரிப் போகணுமா? புள்ளைக்கு நீச்சல் தெரியாது. நீங்க அவ மேலருந்து கண்ணை எடுக்கக்கூடாது, ஆமா. எதுனா ஆச்சுன்னா ஒங்களைத்தான் கேப்பேன்."

நான் சிரித்தேன். தண்ணீரைப் பற்றித்தான் அவளும் பயந்தாள், நானும் பயந்தேன். முதல் நாள் முழுவதும் மகளின் சட்டைப் பின்புறத்தை ஒரு கையால் பிடித்தபடியே இருந்தேன்.

ஏப்ரலில் தண்ணீர் வற்றியிருக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கரை நெடுக ஐம்பது அறுபது அடிக்குச் சேறு. அதில் செத்த தேயிலைச் செடிகள் கறுத்த விரல்களாக நின்றன. சில இடங்களில் பழைய லயத்துச் சுவர்களின் மேல் விளிம்பு தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. அதற்கு மேலாகப் படகு போகும்போது கொழும்பு நண்பர் எட்டிப் பார்த்து, இங்கேதான் அடுப்பு, இங்கேதான் கட்டில் என்று விளையாட்டுக் காட்டினார். ஓரிடத்தில் சேற்றிலிருந்து ஒரு அம்மிக்கல்லைத் தூக்கிவந்து கயிறு கட்டி, சின்ன நங்கூரமாக வைத்துக்கொண்டார்கள். துரை அதைக் காட்டி என்னிடம் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். நானும் சிரித்தேன். எந்த வீட்டுப் பெண் அதில் மிளகாய் அரைத்திருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் தோன்றியது. தோன்றியும் சிரித்தேன்.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழந்தைகள் இரண்டு பேரும் கரையில் விளையாடினார்கள். துரையின் குழந்தை பந்தைச் சேற்றுக்குள் எறிந்துவிட்டு அழுதது. துரைசாணி என் மகளைப் பார்த்தார். என் மகள் என்னைப் பார்த்தாள். "போய் எடுத்துக் குடும்மா" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். முழங்கால் வரை புதைந்து, பந்தை எடுத்துத் திரும்பும்போது ஒரு சத்தம் போட்டாள். சேற்றுக்குள் பழைய கூரைத் தகரம் கிடந்திருக்கிறது. உள்ளங்கால், குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரை கிழிந்துவிட்டது. காயத்துக்குள் துருவும் சேறும் ஏறியிருந்தன.

துரைசாணி நல்ல மனுஷி என்றுதான் சொல்ல வேண்டும். தானே கழுவினார், அயோடின் ஊற்றினார், வெள்ளைத் துணியால் கட்டினார். துரை குனிந்து பார்த்துவிட்டு, "துருப்பிடித்த தகரம். ஏற்பு ஊசி போட்டுவிடு. எப்படியும் நீ இன்றைக்கு டவுனுக்குப் போகிறாய்தானே" என்றார். சொல்லிவிட்டுச் சாமான் லிஸ்ட்டை என் கையில் கொடுத்தார்.

டெட்டனஸ் என்கிற ஏற்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். முந்தின வருடம் தோட்டத்து மாட்டுப்பட்டியில் வேலை செய்த ஒருவருக்குக் காலில் ஆணி குத்தியது. எட்டாம் நாள் தாடை இறுகிவிட்டது. லயத்துக் காம்பராவில், யாரோ கதவைச் சாத்திய சத்தத்துக்கு அவருடைய உடம்பு வில்லாக வளைந்து, குதிகாலும் பின்னந்தலையும் மட்டும் பாயில் பட நின்றதை நான் பார்த்தேன். சாவுப் பதிவுக்காகப் போன இடத்தில் அவர் இன்னும் சாகாமல் இருந்தார். அன்றைக்குப் பிறகு வீட்டில் ஒரு ஆணியைக்கூடத் தரையில் கிடக்க விட்டதில்லை.

ஊசி மருந்து எங்கள் தோட்டத்து மருந்தறையில் இல்லை. அதைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். நாலைந்து தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி ஒன்று டவுனுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே இருந்தது. டவுனின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் இங்கே வேண்டாம்.

மாலை ஐந்து மணிக்கு இதே கரைக்குப் படகைக் கொண்டுவருவதாகத் துரை சொன்னார். மகளை முதுகில் தூக்கிக்கொண்டு வண்டிப்பாதையில் ஏறி, ரோட்டில் பஸ் பிடித்தேன்.

இங்கேதான் என்னை நானே நிமிர்ந்து பார்க்க முடியாத முதல் இடம் வருகிறது. டவுனில் இறங்கியதும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஞாயிறு என்பதால் கடைகள் பன்னிரண்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள், ஆஸ்பத்திரி நாள் முழுவதும் திறந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். மகளை ஒரு கடையில் அரிசி மூட்டை மேல் உட்கார வைத்தேன். லிஸ்ட்டில் மேலிருந்து கீழாகப் போனேன். பாய்க்கயிறு முப்பது முழம். ஒரு கப்பி. நான்கு பாண் ரொட்டி. டின்னில் அடைத்த சீஸ். நாய்க்கு மாட்டிறைச்சி, கொழுப்பில்லாமல். மண்ணெண்ணெய். ஆங்கிலப் பேப்பர். சோடாக் கடையில் ஐஸ் கட்டி, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி.

இறைச்சிக் கடைக்காரன் கொழுப்போடு வெட்டினான். அவனோடு சண்டை போட்டு மாற்றி வாங்கினேன். ஒரு நாய்க்காக அவ்வளவு நேரம் வாதாடியிருக்கிறேன்.

கடை முதலாளி மகளின் காலைப் பார்த்துவிட்டு, "என்னங்க ஐயா, கட்டெல்லாம் செவந்து கெடக்கே, புள்ளையக் காட்டலியா?" என்றார்.

"காட்டத்தான் போறேன். இது முடிஞ்சதும்."

"அப்பா, வலிக்குதுப்பா."

"இந்தா, ஆச்சு. ஐஸை மட்டும் வாங்கிட்டா ஆச்சு."

ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிற மேசையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். வருடக்கணக்காக அவரை எனக்குத் தெரியும், அவருக்கும் என்னைத் தெரியும். ஆனால் அதுவரை எங்கள் பழக்கமெல்லாம் காகிதத்தில்தான். தோட்டத்தில் யாருக்காவது வைத்தியம் வேண்டுமென்றால் ஆபீஸில் துண்டு எழுதி, துரை கையெழுத்துப் போட்டு, அந்தத் துண்டோடு அனுப்புவோம். துண்டில்லாமல் வருகிறவருக்கு ஆன செலவை எந்தத் தோட்டமும் ஏற்காது. அந்தத் துண்டுகளை எழுதுவது என் வேலை. எத்தனை ஆயிரம் எழுதியிருப்பேனோ.

"வாங்க கிளாக்கரையா. புள்ளைக்கு என்ன? துண்டைக் குடுங்க, பதிஞ்சிருவோம்."

அந்த நிமிடம் வரை எனக்கு ஒரு துண்டு வேண்டியிருக்கும் என்ற எண்ணமே வரவில்லை. காலையில் கரையில் துரை என் பக்கத்தில்தான் நின்றார். அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது. லிஸ்ட் எழுதிய காகிதத்தில் இன்னும் பாதி வெற்றிடம் இருந்தது. கேட்டிருந்தால் இரண்டு வரி எழுதித் தந்திருப்பார். எனக்குக் கேட்கத் தோன்றாததன் காரணம் சுத்தமானது இல்லை. துண்டு என்பது லயத்துச் சனங்களுக்கு. நான் ஆபீஸ் ஆள். என் முகமே போதும் என்று என் மனதின் அடியில் ஒரு நினைப்பு குந்தியிருந்தது.

"துண்டு கொண்டாரல. அவசரம். தொரையே நேர்ல சொன்னாரு, ஊசி போடச் சொல்லி" என்றேன்.

கிழவர் பேனாவைக் கீழே வைத்தார். "தொரை சொன்னது என் காதுல விழலியே ஐயா."

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியும். அந்தச் செவத்துல பாருங்க, அங்கயும் நீங்கதான் இருக்கீங்க."

சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. துண்டில்லாமல் வரும் எங்கள் தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பவும், பிறகு எழும் செலவுக்குத் தோட்டம் பொறுப்பல்ல. நான் தட்டச்சு செய்தது. எங்கள் மெஷினில் ஒரு எழுத்து எப்போதும் மேலே ஏறி விழும், அதுவும் அங்கே தெரிந்தது. கீழே துரைக்காக என்று போட்டு என் கையெழுத்து.

"அது வேற விஷயம். அது கூலிங்களுக்கு" என்றேன். சொன்னேன். பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், எல்லாரும் கேட்டார்கள்.

"அப்பிடி எழுதலியே ஐயா" என்றார் கிழவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "போன மாசம் ஒங்க தோட்டத்து ஆளு ஒருத்தனை விட்டுட்டேன், எனக்கு மேலயிருந்து காயிதம் வந்திச்சு. அதுவும் ஒங்க எழுத்துதான். நான் பென்சனுக்கு நிக்கிற மனுஷன். ஒரு துண்டு வாங்கிட்டு வாங்க, ஒடனே போட வைக்கிறேன்."

இப்போது யாரும் கேட்கலாம். உள்ளே போய் டாக்டரைப் பார்த்திருக்கலாமே? அட்டனுக்குப் பஸ் ஏறி வேறு டாக்டரிடம் போயிருக்கலாமே? பெஞ்சைத் தட்டிக் கத்தியிருக்கலாமே? இதில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. துண்டு இல்லை என்றால் துண்டு வாங்கப் போக வேண்டும். ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கெல்லாம் இருபது வருடமாக நான் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கே அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது. "சரி, வாங்கிட்டு வர்றேன்" என்று, அவருக்கு நன்றியும் சொல்லி, மகளையும் சாமானையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஏரிக்கரைக்குத் திரும்பியபோது இரண்டு மணி இருக்கும். படகு இல்லை. ஐந்து மணிக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்தில் எங்காவது இருக்கும், கூப்பிட்டால் கேட்கும் என்று நம்பியிருந்தேன். எதிர்க்கரை ஓரத்தில் வெள்ளைப் பாய் ஒரு கிழிந்த காகிதத் துண்டு அளவில் தெரிந்தது. சேற்றில் இறங்கி நின்று குடையை ஆட்டினேன். கத்தினேன். கொஞ்ச நேரத்தில் படகிலிருந்து யாரோ ஒரு துணியை ஆட்டினார்கள். அவர்களிடம் தூரக் கண்ணாடி இருந்தது. நான் சந்தோஷமாகக் கை காட்டுகிறேன் என்று நினைத்து அவர்களும் கை காட்டினார்கள். பிறகு படகு திரும்பி மேட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

மகளை ஒரு செத்த மரத்தின் அடியில் உட்கார வைத்தேன். கட்டைச் சுற்றிக் கால் வீங்கியிருந்தது, தொட்டால் சுட்டது. ஏற்பு அன்றைக்கே வராது, நாளாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "வாயைத் திற, நல்லாத் திற" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் திறந்து திறந்து காட்டினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். ஐஸ் உருகிச் சாக்கிலிருந்து ஒழுகியது. இறைச்சிப் பொட்டலத்தில் ஈ மொய்த்தது. குடையால் ஈயை ஓட்டினேன். அதையும் செய்தேன்.

அப்போது சேற்றோரமாக ஒரு பெண் விறகுக் கட்டோடு வந்தாள். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள், நாற்பது வயதிருக்கும். முழுகிப்போன கீழ்மலை லயத்தில்தான் முன்பு குடியிருந்தாள். தண்ணீர் வற்றும்போது செத்த மரங்களை ஒடித்துப்போக ஞாயிறுகளில் சிலர் வருவதுண்டு. அதற்கும் அனுமதி இல்லை. என்னைக் கண்டதும் நின்றாள், போகலாமா வேண்டாமா என்று பார்த்தாள். பிறகு மகளின் காலைப் பார்த்துவிட்டு நேராக வந்தாள்.

"என்னா பாப்பா, காலு? தகரமா?"

நான் நடந்ததைச் சொன்னேன். துண்டு வாங்கத் துரைக்காகக் காத்திருப்பதைச் சொன்னேன்.

அவள் விறகை இறக்கி வைத்தாள். "அஞ்சு மணி வரைக்குமா?"

"அஞ்சு மணிக்கு வந்துருவாங்க."

"அப்பறம் துண்டு எழுதி, மேல ஏறி, பஸ்ஸைப் புடிச்சு... சாயங்காலம் கடேசி பஸ்ஸு எப்பன்னு தெரியுமா கிளாக்கரையாவுக்கு? நீங்க எங்க பஸ்ஸுல போறீங்க." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "எம் மகனுக்குக் கண்ணுல முள்ளு குத்துனப்ப நானும் ஒங்க சன்னல்ல வந்து நின்னேன். நெனப்பிருக்கா?"

எனக்கு நினைவில்லை. அப்படி எத்தனையோ பேர்.

"காலையில ஆள் கணக்கு எடுக்குற பெரட்டு முடிஞ்சு வா, தொரை மலையில இருக்காரு, கையெழுத்து இல்லாமத் துண்டு இல்லன்னீங்க. தலையைக் கூட நிமித்தல."

"பெறகு என்ன செஞ்சே?"

"என்னா செய்ய? தூக்கிட்டு நடந்தேன். அந்தக் கெழவரு துண்டு எங்கன்னாரு. மடியில இருக்கு, எடுக்குறேன், எடுக்குறேன்னு சொல்லிக்கிட்டே உள்ள போயி, காலியாக் கெடந்த கட்டில்ல படுக்கப் போட்டேன். அவரு கத்துனாரு. நான் அதுக்கு மேல கத்துனேன். கட்டில்ல கெடக்குற புள்ளையத் தூக்கி வெளிய போட எவனுக்கு மனசு வரும்? போட்டாங்க மருந்து. பெறகுதான் நீங்க துண்டு எழுதுனீங்க, பழைய தேதி போட்டு."

"அப்படிச் செய்யக்கூடாது. எல்லாரும் அப்படிச் செஞ்சா..."

"எல்லாருந்தான் செய்யுறோம்" என்றாள். "ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியாது."

என் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பத்து வயதுப் பிள்ளை, கால் இரண்டும் அவள் முழங்காலுக்குத் தொங்கின. "கழுத்தைக் கட்டிக்க கண்ணு. ஒங்கப்பா வந்தா வரட்டும், வராட்டி இருக்கட்டும்" என்று சொல்லி மேட்டில் ஏறிவிட்டாள். நான் பாணையும் கயிற்றையும் கப்பியையும் இறைச்சியையும் மண்ணெண்ணெய் டின்னையும் ஐஸ் சாக்கையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். எதையாவது அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஒன்றையும் போடவில்லை.

பஸ்ஸில் அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஏதேதோ பேசிச் சிரிக்க வைத்தாள். ஐஸ் தண்ணீர் என் கால்சட்டையை நனைத்துப் பலகைக்குக் கீழே ஓடியது. முன்னால் இருந்த ஒருவர் திரும்பி என்னைப் பார்த்து முகம் சுளித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் நின்று, "வாங்க ஐயா. நீங்க கூட இருந்தா அந்தாளு அவ்வளவாக் கத்த மாட்டாரு" என்றாள்.

உள்ளே அந்த மேசை தெரிந்தது. மேசைக்குப் பின்னால் அறிவித்தல். பெஞ்சில் மத்தியானம் என்னைப் பார்த்தவர்களில் சிலர் இன்னும் இருந்தார்கள். துண்டு மடியில் இருக்கிறது என்ற பொய்யோடு என் பிள்ளையை ஒரு கூலிப்பெண் தூக்கிப் போக, நான் பின்னால் போவதா என்று கால் தயங்கியது. அப்படிப் போனால் நாளைக்கு ஆபீஸ் ஜன்னலில் எந்த முகத்தோடு உட்காருவது என்றும் தோன்றியது. என் மகளின் தாடை இறுகுமா இறுகாதா என்பது முடிவாகும் நேரத்தில் என் மனம் இதைத்தான் எண்ணியது.

"நீ கூட்டிட்டுப் போ. நான் சாமான்களைப் பார்த்துக்கிறேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மகள் அவள் தோளுக்கு மேலாக, "அப்பா, நீங்களும் வாங்கப்பா" என்றாள்.

"போம்மா, அப்பா இங்கதான் இருக்கேன்."

வேலியோரம் சாக்குகளுக்கு நடுவில் நின்று கேட்டேன். முதலில் கிழவரின் குரல். பிறகு அவளுடைய குரல். "மடியில இருக்குங்கிறேன்ல, புள்ளைய எறக்கிட்டு எடுக்க மாட்டேனா?" பிறகு ஏதோ கட்டில் இழுபடும் சத்தம். "யாரு புள்ளைன்னு தெரியும்ல? அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டவரு புள்ளைதான். அவரே வேணாம்னுட்டாராம், துண்டு இல்லாட்டிச் சாகட்டும்னு. ஊசி போட மாட்டோம்னு நீங்க எழுதிக் குடுங்க, நான் கொண்டு போயிச் சொல்றேன்." யாரோ சிரித்தார்கள். கொஞ்சம் கழித்து ஒரு தாதியின் அதட்டல். அந்த அதட்டல் கிழவருக்கா அவளுக்கா என்று தெரியவில்லை. பிறகு என் மகள் ஒரே ஒரு தரம் வீறிட்டாள்.

அப்போதும் நான் உள்ளே போகவில்லை. ஒரு நாய் இறைச்சிப் பொட்டலத்தை மோந்து பார்க்க வந்தது. அதைக் காலால் தள்ளினேன்.

முதலில் கொஞ்சம் மருந்து ஏற்றி, உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் முழு ஊசியும் போடுவார்களாம். காயத்தை மறுபடி திறந்து கழுவினார்கள். அந்த நேரம் முழுவதும் அவள்தான் பக்கத்தில் இருந்திருக்கிறாள். வெளியே வந்தபோது மகளின் கால் புதுக்கட்டோடு இருந்தது. அழுகை நின்றிருந்தது. கையில் யாரோ கொடுத்த பிஸ்கட்.

"ஆச்சுங்க. காய்ச்சல் வந்தாப் பயப்பட வேணாம்னாங்க. நாளன்னிக்குக் காட்டணும்" என்றாள் அந்தப் பெண். பிறகு மூட்டைகளைப் பார்த்து, "சாமானெல்லாம் பத்திரமா இருக்கா கிளாக்கரையா?" என்றாள்.

கிண்டலாகக் கேட்டாளா, சாதாரணமாகக் கேட்டாளா என்று நான் இன்றுவரை மாற்றி மாற்றி எண்ணிப் பார்க்கிறேன். "இருக்கு" என்றேன்.

கரைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. படகு வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பெண் விறகை விட்ட இடத்துக்குப் போனாள். கட்டு அங்கே இல்லை. எங்கள் அப்பு கூடாரத்துக்கு முன்னால் அதை எரித்து ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தான். அவள் நெருப்பைப் பார்த்தாள், துரையைப் பார்த்தாள், வந்த வழியே மேட்டில் ஏறிப் போய்விட்டாள். விறகு அவளுடையது என்று நான் சொல்லவில்லை.

துரை கயிற்றை இழுத்துப் பார்த்தார், நல்ல கயிறு என்றார். ஐஸ் சாக்கைத் திறந்து பார்த்துச் சிரித்தார். ஊசி போட்டாயிற்றா என்று கேட்டார். போட்டாயிற்று, துண்டு இல்லாததால் கொஞ்சம் தாமதம் என்றேன். "காலையிலேயே கேட்டிருக்கலாமே" என்று ஆச்சரியப்பட்டு, சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் பின்புறத்தில் அப்போதே எழுதி நீட்டினார். "தேங்க் யூ சார்" என்று வாங்கிக்கொண்டேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் விட வேண்டும் என்று கேட்டு விடைபெற்றேன்.

கிளாக்கர் வீட்டுக்கு இரண்டு மைல் ஏற்றம். மகளை முதுகில் சுமந்து நடந்தேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. என் சட்டைக் காலரை மட்டும் பிடித்திருந்தாள். இரண்டு மூன்று தரம் ஏதோ கேட்டேன். "ம்" என்றாள்.

மனைவி லாம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். கட்டைப் பார்த்தாள், பிள்ளையைப் பறித்துக்கொண்டாள், என்னைத் திட்டினாள், அழுதாள். நான் தகரத்தைப் பற்றிச் சொன்னேன். ஏற்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் பிள்ளையின் முகத்தை லாம்பு வெளிச்சத்துக்குத் திருப்பித் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். மாட்டுப்பட்டிக்காரரை அவளும் அறிவாள்.

"ஊசி? ஊசி போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"துண்டு கிண்டுன்னு நிக்க வைப்பாங்களே அங்க? ஞாயித்துக்கிழமை யாரு விட்டா உள்ள?"

"நான் உட்டுடுவேனா? துண்டு இல்லன்னாங்க. புள்ளையத் தூக்கிட்டு நேரா உள்ள போனேன். கட்டில்ல படுக்க வச்சேன். யாரு என்னைத் தடுக்க முடியும்?"

மனைவி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாணம் ஆகி அன்றுவரை அப்படிச் செய்ததில்லை. "நீங்க இருந்ததாலதான்" என்றாள். "நான் காலையிலயிருந்து ஒங்களை என்னென்னவோ நெனச்சேன்."

மகள் அம்மாவின் தோளில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பிஸ்கட்டில் மிச்சத்தை வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

காயம் ஆறிவிட்டது. தாடை இறுகவில்லை. பத்து நாள் கழிந்தது, பதினைந்து நாள் கழிந்தது, நான் அவள் வாயைத் திறக்கச் சொல்வதை நிறுத்தினேன். இப்போது அவளுக்குப் பதினாறு வயது. அம்மா அந்தக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், தன் கணவர் பிள்ளையை எப்படிக் கட்டிலில் படுக்க வைத்தார் என்று. அந்த நேரங்களில் மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒரு நாள்கூட அம்மாவைத் திருத்தியதில்லை. என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை. எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள், நல்ல நாட்களில் காலில் விழுந்து கும்பிடுகிறாள், பரீட்சைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போகிறாள். எல்லாம் சரியாகத்தான் செய்கிறாள். காய்ச்சல் வந்தாலும் பல்வலி வந்தாலும் அம்மாவிடம் மட்டும் சொல்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அம்மாவோடு போகிறாள். நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினால், "வேணாம்ப்பா, நாங்க பார்த்துக்கிறோம்" என்கிறாள், மிகவும் மரியாதையாக.